ஆய்வு மாணவரை நெறிப்படுத்தப் பழகுதல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஓர் உதவிப் பேராசிரியர் நெறியாளர் ஆவதற்கு முனைவர் பட்டமும், துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் பின் வெளியிடும் இதழ்களில் குறைந்தது 3 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். தானே ஆய்வு செய்யத் தெரிந்தவருக்கு இன்னொருவரை ஆய்வாளராக வளர்க்கவும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை இந்தத் தகுதி வரையறைக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கையுடன்தான் நானும் என் முதல் மாணவியை ஏற்றுக்கொண்டேன். நெறிப்படுத்துவது தனியாகக் கற்க வேண்டிய திறன் என்பது அவருடைய ஐந்து மாத உழைப்பு வீணான பிறகே எனக்குப் புரிந்தது.

கெளுத்தி மீனின் ஈரலில் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் அளவை, புரதங்களைப் பருமன்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் அறிவது அவருடைய முதல் வேலை. அந்தப் புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியை நான்தான் தேர்ந்தெடுத்து வாங்கினேன். அது எலியின் புரதத்துக்கு எதிராக உருவாக்கப்பட்டது. வாரந்தோறும் பட்டைகள் தவறான இடத்தில் விழுந்தன, வாரந்தோறும் நான் ஒரு திருத்தம் சொன்னேன், அவரும் "சரிங்க சார்" என்று சொல்லிச் சென்றார். ஐந்தாம் மாதத்தில் தற்செயலாக அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, இரண்டாம் மாதத்துத் தேதியிட்ட பக்கத்தின் ஓரத்தில், 'இந்த ஆன்டிபாடி மீன் புரதத்தில் ஒட்டுமா?' என்று பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டேன். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க வாங்கினது, விலையும் அதிகம்" என்றார். அவருக்கு விடை தெரிந்திருந்தது. அதை என்னிடம் சொல்வதற்கான வழியை நான் அமைத்துத் தரவில்லை.

பள்ளி முதல் முதுகலை வரை ஆசிரியரிடம் மறுத்துப் பேசாமல் இருப்பதே மரியாதை என்று பழகி வந்தவர்கள் நம் மாணவர்கள். அவர்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களுடைய "சரி" புரிந்ததையும் குறிக்கலாம், புரியாததையும் குறிக்கலாம், உடன்பாடின்மையையும் குறிக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குள் எது இருக்கிறது என்று கண்டறியும் பழக்கங்களையே இங்கே எழுதுகிறேன். என் எடுத்துக்காட்டுகள் உயிரியல் ஆய்வகத்திலிருந்து வருபவை என்றாலும், தமிழியல், வரலாறு, பொருளியல் துறைகளில் நெறிப்படுத்துவோரும் சிறு மாற்றங்களுடன் இவற்றைப் பின்பற்றலாம்.

முதல் மாதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

மாணவர் பதிவு செய்வதற்கு முன் விதிமுறைகளை நெறியாளர் ஒரு முறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். 2022 விதிமுறைகளின்படி, பாடப் பயிற்சிக் காலம் உட்பட குறைந்தது 3 ஆண்டுகளும் அதிகபட்சம் 6 ஆண்டுகளும் ஆய்வுக் காலம். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பெண் ஆய்வாளர்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு, ஆனால் மொத்தக் காலம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை தரலாம். இந்தக் கடைசிச் செய்தியை, கேட்கும் வரை காத்திராமல், முதல் மாதத்திலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மணமான மாணவி ஒருவர் இதை நெறியாளரிடம் தானாக எழுப்புவதற்கு எவ்வளவு தயங்குவார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022இல் நீக்கிவிட்டது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியாக அதை வைத்திருக்கக்கூடும் என்பதால், அதையும் கேட்டறிந்து சொல்லுங்கள்.

அதன் பிறகு இருவரும் ஒரு மணி நேரம் அமர்ந்து, ஒருவர் மற்றவரிடம் எதிர்பார்ப்பவற்றை இரண்டு பக்கங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இருக்க வேண்டிய நேரம், விடுமுறை, வாரத்தில் எந்த நாள் சந்திப்பு, எந்த நேரத்துக்குப் பிறகு தொலைபேசியில் அழைப்பதில்லை ஆகியவை அதில் இருக்கட்டும். நெறியாளரைக் கட்டுப்படுத்தும் வரிகளும் அதே அளவுக்கு இருக்க வேண்டும்: மாணவர் தரும் வரைவை எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தருவேன் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். நான் 14 நாட்கள் என்று எழுதுகிறேன். முடியாமல் போனால் எப்போது தருவேன் என்று நானே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. தேர்வுத் தாள் திருத்துவது, விழாவுக்கு நாற்காலி போடுவது, வங்கிக்குச் சென்று வருவது, நெறியாளர் வீட்டு வேலைகளைப் பார்ப்பது ஆகியவை ஆய்வு மாணவரின் கடமை ஆகா என்ற வரியையும் தயங்காமல் சேருங்கள். இது எல்லாரும் அறிந்ததுதானே என்று தோன்றலாம். எழுதி வைக்காத இடங்களில் இன்றும் என்ன நடக்கிறது என்பதும் எல்லாரும் அறிந்ததுதான்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். தேசியத் தகுதித் தேர்வின் வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அதே ஆய்வகத்தில் அடுத்த மேசையில் இருப்பவர் எந்த உதவித்தொகையும் இல்லாமல், மாலையில் தனிவகுப்பு எடுத்து விடுதிக் கட்டணம் செலுத்துபவராக இருக்கலாம். அவருடைய சூழலை அறியாமல் இருவருக்கும் ஒரே நேர அட்டவணையைத் தந்துவிட்டு, ஒருவரை ஊக்கமுள்ளவர் என்றும் மற்றவரைச் சோம்பேறி என்றும் மதிப்பிடுவது பெரும் தவறு.

வாரச் சந்திப்பை நடத்தும் முறை

வாரத்துக்கு ஒரு முறை, 40 நிமிடங்கள், கதவு மூடி, தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டு நடக்கும் சந்திப்பு, ஆய்வகத்தில் நாளுக்குப் பத்து முறை நின்றபடி பேசுவதைவிட அதிகம் பயன் தருகிறது. நின்றபடி பேசும்போது நாம் கட்டளைகளைத்தான் சொல்கிறோம். எதிரெதிரே அமராமல், ஒரே பக்கத்தில் அமர்ந்து நடுவில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டால், பேச்சு மாணவரைப் பற்றியதாக இல்லாமல் தரவைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. இது மிகச் சிறிய மாற்றம். ஆனால் இதைச் செய்த பிறகுதான் என் மாணவர்கள் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை அறவே விட்டுவிடுங்கள், அதற்கு நம் மாணவரிடமிருந்து ஒரே ஒரு விடைதான் வரும். அதற்குப் பதிலாக, நீங்கள் சொன்னதை அவர் தன் சொற்களில் செய்து காட்டும்படியான கேள்விகளைக் கேளுங்கள். "நாளை காலை ஆய்வகத்துக்கு வந்ததும் முதலில் எதை எடுப்பீர்கள்?", "இந்தச் சோதனை நாம் நினைத்தபடி வந்தால் படம் எப்படி இருக்கும், நம் கருதுகோள் தவறாக இருந்தால் எப்படி இருக்கும், இரண்டையும் வரைந்து காட்டுங்கள்" என்று கேட்கலாம். இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. இரண்டு நிலைக்கும் ஒரே படத்தை வரையும் மாணவர், அந்தச் சோதனை எதைச் சோதிக்கிறது என்று இன்னும் அறியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். சில வேளைகளில் சோதனையை வகுத்த எனக்கே அது தெரிந்திருக்கவில்லை என்பதும் தெரியவரும்.

மறுப்பைக் கேட்டுப் பெறுவதற்கும் இப்படி ஒரு வழி வேண்டும். "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் மாணவர் தலையை அசைத்துவிடுவார். "இந்தத் திட்டத்தில் முதலில் உடையக்கூடிய இடம் எது? ஓர் இடத்தையாவது சொல்லிவிட்டுப் போங்கள்" என்று கேட்டால், குறை சொல்வதே அவருக்குத் தரப்பட்ட வேலையாகிவிடுவதால், அது மரியாதைக் குறைவாக அவருக்குத் தோன்றாது. கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதி பத்து விநாடி நீண்டாலே நமக்குப் பொறுக்காது. நாமே விடையைச் சொல்லிவிடுவோம். ஆசிரியத் தொழில் நமக்குத் தந்த இந்தப் பழக்கத்தை விடுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மாணவர் முதன்முறையாக ஒரு குறையைச் சொல்லும்போது, அது சரியோ தவறோ, அதை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சரியானதாக இருந்தால் அடுத்த வாரமே திட்டத்தை மாற்றி, அவர் சொன்னதனால்தான் மாற்றினோம் என்பதை மற்ற மாணவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள்.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே, பேசியவற்றையும் முடிவு செய்தவற்றையும் மாணவர் ஐந்தாறு வரிகளில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பட்டும். தமிழில் எழுதினாலும் சரி, கலந்து எழுதினாலும் சரி. நாம் சொன்னதற்கும் அவர் கேட்டுக்கொண்டதற்கும் இடையே உள்ள தூரம் அந்த வரிகளில் தெரியும். பின்னாளில் 'நான் அப்படிச் சொல்லவில்லை', 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்ற மனத்தாங்கலுக்கும் இடமிராது.

சரியாக வராத சோதனையை எதிர்கொள்வது

எதிர்பார்த்த முடிவு வராதபோது நெறியாளரின் முகம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்துதான் மாணவர் ஆய்வு நேர்மையைக் கற்கிறார். பாடப் பயிற்சியில் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய தாளைப் படித்துத் தேறியவரே, வாரந்தோறும் முகச்சுளிப்பைச் சந்தித்தால், அடுத்த முறை நன்றாக வந்த படத்தை மட்டும் கொண்டுவருவார். மூன்றில் ஒரு முறைதான் அப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவார். அவர் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. உங்களை வருத்தப்படுத்த விரும்பவில்லை. விளைவு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே சந்திப்பைத் தோல்வியுற்ற சோதனையிலிருந்தே தொடங்குங்கள். "இந்த வாரம் எது வரவில்லை?" என்பது முதல் கேள்வியாகட்டும். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில், டி.என்.ஏ. சேர்க்காத குழாயிலும் பட்டை தெரிந்தால், யார் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று தேடாமல், மாசு எந்த நீரிலிருந்து வந்தது, எந்தப் பிப்பெட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை உடனிருந்து ஒரு முறை செய்து காட்டுங்கள். பழுது எங்கே என்று தேடும் இந்த முறையை மாணவர் எங்கும் படித்திருக்க மாட்டார். கையால் செய்யும் ஒருவரின் அருகில் நின்றுதான் அதைக் கற்க முடியும்.

குறிப்பேடு பக்க எண்களிட்ட, தைத்த நோட்டாக இருக்கட்டும். பேனாவால் எழுதி, தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியிட வேண்டும். மூலத் தரவுகள் மாணவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை குறிப்பேட்டைப் படித்துக் கையொப்பமிடுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியவற்றையும் படியுங்கள்.

வரைவைத் திருத்துவது

பெரும்பாலான மாணவர்கள் தேங்கி நிற்கும் இடமும் எழுத்துதான், பெரும்பாலான நெறியாளர்கள் பொறுமை இழக்கும் இடமும் எழுத்துதான். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டிய தமிழ்வழி மாணவருக்குக் கருத்தும் மொழியும் ஒரே நேரத்தில் தடையாகின்றன. இரண்டையும் நாம் பிரித்துத் தர வேண்டும். ஓர் இயலின் வாதத்தை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், பிறகு அதிலிருந்து பத்திக்கு ஒரு வரியாக எலும்புக்கூட்டை எழுதச் சொல்லுங்கள். வாதம் நேரான பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். வாதமே இல்லாத பத்தியின் இலக்கணத்தைத் திருத்துவது இருவருக்கும் வீண் வேலை.

திருத்தும்போது மூன்று சுற்றுகளாகத் திருத்துங்கள். முதல் சுற்றில் வாதத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதித் தாருங்கள். பிழையான வாக்கியம் கண்ணை உறுத்தினாலும் கை வைக்க வேண்டாம். இரண்டாம் சுற்றில் பத்திகளின் வரிசையைப் பாருங்கள். மூன்றாம் சுற்றில்தான் வாக்கியம். அதிலும் முதல் இரண்டு பக்கங்களை நீங்கள் திருத்தி, ஏன் அப்படித் திருத்தினீர்கள் என்று ஓரத்தில் எழுதி, மீதிப் பக்கங்களை அதே முறையில் அவரே திருத்தும்படி விடுங்கள். முழு இயலையும் நாமே மாற்றி எழுதிவிட்டால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மைதான். அப்படி எழுதித் தந்த என் மாணவர் ஒருவர், பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பின்னும், தன் கட்டுரைகளை எனக்கு அனுப்பி "கொஞ்சம் பார்த்துத் தாங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறை என்னுடையது.

கருத்துத் திருட்டைப் பற்றிய மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆய்வேட்டைத் திருத்தி 6 மாதங்களுக்குள் மீண்டும் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இந்த எண்களைச் சொல்லி அச்சுறுத்துவதோடு பல நெறியாளர்கள் நின்றுவிடுகிறார்கள். மாணவரும் மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுகிறார். நான் கண்ட வரையில், பிறர் வாக்கியங்களை எடுத்தாள்வதற்கு நேர்மையின்மையைவிட ஆங்கிலத்தைப் பற்றிய அச்சமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. முதல் ஆண்டிலேயே ஒரு கட்டுரையைப் படித்து, அதை மூடி வைத்துவிட்டு, அதன் கருத்தை நினைவிலிருந்து ஐந்து வரிகளில் எழுதும் பயிற்சியை வாரம் ஒரு முறை கொடுங்கள். மொழி கரடுமுரடாக இருக்கும். அதைப் பாராட்டுங்கள், ஏனெனில் அது அவருடைய மொழி.

கட்டுரையில் யார் பெயர்

கட்டுரையை அனுப்பும் நாளில் இதைப் பேசினால் மனக்கசப்பில்தான் முடியும். சோதனை தொடங்கும் முன்பே பேசுங்கள். மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வை வகுப்பதிலோ தரவைத் திரட்டி ஆராய்வதிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது கருத்தளவில் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் உள்ளவரே ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காகவும், கருவியைப் பயன்படுத்த அனுமதித்தார் என்பதற்காகவும் பெயர் சேர்ப்பதற்கு இதில் இடமில்லை. அவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது.

புரதங்களின் வடிவத்தைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடத்தை அறிவார். அதை அளித்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரை சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பெயர்களில் வெளிவந்தது: ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். பாடநூல்களில் நிலைத்தது ஒரு பெயர்தான் என்றாலும், மற்ற இருவரின் பங்கை இன்றைக்கும் எவரும் எடுத்துக் காட்ட முடிவது கட்டுரையின் தலைப்பின் கீழ் அந்தப் பெயர்கள் இருப்பதால்தான். இதை என் மாணவர்களுக்குப் பாடப் பயிற்சியிலேயே சொல்கிறேன்.

முடிவெடுப்பதைக் கைமாற்றுவது

ஒரு மாணவர் வளர்ந்திருக்கிறாரா என்று அறிய, கடந்த மூன்று மாதங்களில் அவருடைய ஆய்வில் எடுக்கப்பட்ட முடிவுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எடுத்தது யார் என்று எதிரில் குறித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் பெரும்பாலானவை உங்களுடையவையாக இருக்கும், அது இயல்பு. இரண்டாம் ஆண்டில், எந்தச் சோதனையை முதலில் செய்வது, எத்தனை மாதிரிகள் எடுப்பது ஆகியவற்றை அவர் காரணத்துடன் முன்மொழிய, நீங்கள் கேள்வி கேட்டு ஏற்கலாம். மூன்றாம் ஆண்டில் அவர் முடிவெடுத்த பிறகு உங்களுக்குத் தெரிவித்தால் போதும். அவர் எடுத்த முடிவு தவறு என்று உங்களுக்குத் தோன்றும்போது, இழப்பு ஒரு வார உழைப்பும் சில நூறு ரூபாய் வேதிப்பொருளும்தான் என்றால், தடுக்காமல் விடுங்கள். ஆறு மாதம் போய்விடும், அல்லது யாருக்காவது ஆபத்து நேரும் என்றால் தடுத்து, காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவத்திலும் கூடி முன்னேற்றத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டங்களில் மாணவரிடம் கேட்கப்படும் கேள்விக்கு நெறியாளர் விடை சொல்லிவிடும் காட்சியை அடிக்கடி காண்கிறோம். முந்தைய நாள் நீங்களே கடினமான கேள்விகளைக் கேட்டுப் பழக்கிவிட்டு, அன்று வாய் திறக்காமல் இருங்கள். "எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று குழுவின் முன் தடுமாறாமல் சொல்ல அவர் கற்றுக்கொண்டால், வாய்மொழித் தேர்வைப் பற்றிய கவலை பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டவை

மாணவரின் உறக்கமின்மை, திடீர் மௌனம், தொடர்ந்து வராமல் இருப்பது ஆகியவற்றைக் கண்டால், முன்னேற்றத்தைப் பற்றிப் பேசாமல், நலமா என்று தனியே கேளுங்கள். மனநல ஆலோசகர் ஆக முயல வேண்டாம். வளாகத்தில் ஆலோசகர் யார் என்று அறிந்து வைத்திருங்கள். நடுவண் அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். பாலியல் தொல்லை பற்றி மாணவி ஒருவர் சொன்னால், நீங்களே சமரசம் செய்ய முனையாமல், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகக் குழுவுக்குச் செல்லும் வழியைக் காட்டி உடன் நில்லுங்கள்.

எண்ணிக்கையிலும் எல்லை உண்டு. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்கள் வரை ஏற்கலாம் என்பது உச்ச வரம்பு. எட்டுப் பேருக்கு வாரம் 40 நிமிடங்கள் என்றாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; வரைவுகளைப் படிக்கும் நேரம் தனி. அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள்.

உங்கள் நெறிப்படுத்தலை நீங்கள் அறிய

ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்களிடம் கருத்துக் கேட்பது நல்லதுதான், ஆனால் உங்கள் கையொப்பத்தை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் எழுதும் கருத்தை முழுமையாக நம்ப முடியாது. துறையில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, அவர் உங்கள் மாணவர்களுடன் தனியே பேசி, பெயர் குறிப்பிடாமல் சாரத்தை மட்டும் உங்களிடம் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அவருடைய மாணவர்களுக்கு நீங்கள் அதையே செய்யலாம். மிகப் பயனுள்ள விடைகள் எனக்கு வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டச் சான்றிதழ் மாணவரின் கைக்கு வந்து, ஒரு மாதம் சென்ற பிறகே கிடைத்திருக்கின்றன. அப்போது அழைத்து மூன்று கேள்விகள் கேட்கிறேன்: எப்போது உங்களுக்கு என் உதவி தேவைப்பட்டும் கிடைக்கவில்லை, எப்போது நான் குறுக்கிடாமல் இருந்திருக்கலாம், என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எது. மூன்றாவது கேள்விக்கு வரும் விடையை, அடுத்த மாணவருடன் முதல் மாதத்தில் எழுதும் இரண்டு பக்கங்களில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன்.